வெங்காயம் என்று சொல்லி இறக்கிய பூக்கிழங்கு

1

போன மாத இதழில் ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "தினமும் தண்ணீர் ஊற்ற முடியாத வீட்டில் வைக்க ஏதாவது பூச்செடி உண்டா?" உள்ளூரிலிருந்து பலர் பதில் எழுதுவார்கள். கடல் தாண்டி ரங்கூனிலிருந்து நானும் ஒன்று எழுதுகிறேன். இந்தப் பங்குனியோடு நான் இங்கே வந்திறங்கி ஏழு வருஷம் ஆகிறது. அதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது சிவப்பு லில்லிக் கிழங்கு. பார்க்க நாட்டு வெங்காயம் போலவே இருக்கும். கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி புதைத்தால் போதும். மழைக்காலத்தில் வார்வாராக இலை விடும். தை பிறந்ததும் இலை பழுத்து விழுந்துவிடும். செடி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். பங்குனியில், இலை ஒன்றுகூட இல்லாத மொட்டைத் தரையிலிருந்து விரல் தடிமனில் ஒரு தண்டு கிளம்பும். அதன் உச்சியில் இரண்டோ நாலோ பூ, நாதஸ்வரத்தின் அடிப்பக்கத்து அனசு மாதிரி வாயை விரித்துக்கொண்டு, அப்படி ஒரு சிவப்பு. இந்த ஊர் மழைக்கு மட்டும் மேடான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தரம் தோண்டிப் பிரித்து வைத்தால் சரி.

இன்னொன்று. கிழங்கைத் தோண்டி எடுத்தால் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

2

இந்தக் கிழங்கு எனக்கு என் அக்கா சிவகாமி கொடுத்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிற அன்று, ஏழெட்டுக் கிழங்கை ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் திணித்தாள். "நாலு நாள் கப்பல்ல தண்ணி இல்லாம கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதுடி. மறந்துபோய் ஒரு மாசம் கழிச்சு நட்டாலும் கோவிச்சுக்காது" என்றாள். அக்காவுக்கு என்னைத் தெரியும். நான் எதையும் மறந்துவிடுகிறவள்.

ரங்கூன் துறைமுகத்தில் இறங்கியதும் வரிசையில் நிறுத்தி நாக்கைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் என் துணிப்பையைப் பிரித்து ஏதோ கேட்டார். என்னை அழைத்துப் போக வந்திருந்த என் கணவர் முந்திக்கொண்டு, "வெங்காயம்" என்று இந்துஸ்தானியில் சொல்லிவிட்டார். பையைப் பிரித்தவர் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பூக்கிழங்குன்னா என்ன பூ, எதுக்கு, எந்த ஊருன்னு ஒரு காகிதம் எழுதச் சொல்லுவான். வெங்காயம்னா கேள்வி கிடையாது."

என் கணவர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. காகிதத்தின் அருமை தெரிந்தவர். சைவம் வழுவாதவர். சிநேகிதர் வீட்டில்கூடத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்.

மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், பலகை வீடு ஒன்றில் பாதி எங்களுக்கு. மறுபாதியில் டோ மியா இருந்தாள். டோ என்பது இங்கே வயதில் பெரியவளுக்குக் கொடுக்கிற மரியாதை. புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. விடிகாலையில் தெருமுனையில் அடுப்பு வைத்து மொஹிங்கா விற்பாள். மீனை வேகவைத்துக் கரைத்து, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்க வைத்த குழம்பை அரிசிச் சேவையின் மேல் ஊற்றித் தருவதுதான் மொஹிங்கா. ரயில்வே ஆட்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

வந்த புதிதில் அவள் பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் எனக்குப் பூவில் முடிந்தது. இல்லை என்றால் மஷிபூ. தெரியாது என்றால் மதிபூ. அது இல்லை என்றால் மஹொபூ. இந்த ஊர்க்காரர்கள் மறுக்கிற போதெல்லாம் பூவைச் சொல்கிறார்களே என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது மூன்று வயதான என் மகள் மீனா சிரிக்கவில்லை. அவள் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்குள் அவள் பொம்மையோடு பேசுகிற பாஷை எனக்குப் புரியாததாகிவிட்டது. கடைக்காரனோ தபால்காரனோ வந்தால், நாலு வயதுக் குழந்தையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திக்கொண்டு பேசுவேன்.

கிழங்கை வேலி ஓரம் மேட்டில் நட்டேன். அடுத்த பங்குனியிலேயே பூத்தது. ஒரு நாளும் நான் தண்ணீர் ஊற்றவில்லை.

3

நாங்கள் வந்த மூன்றாம் வருஷம் ஐப்பசியில் எனக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததே உயிரில்லாமல்தான். இதைப் பற்றி அதிகம் எழுத வராது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

என் கணவர் விடியலில் சோறு பொங்கி, எனக்கும் மீனாவுக்கும் எடுத்து மூடி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போவார். மீனா அழமாட்டாள், அடம் பிடிக்கமாட்டாள். மத்தியானம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்பாள். சாயங்காலம் அவள் தட்டில் சோறு அப்படியே இருக்கும். "பசிக்கலம்மா" என்பாள். சாதுவான பிள்ளை, நம்மைத் தொந்தரவு செய்யாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

டோ மியா தினமும் ஒரு தரம் வாசற்படியில் வந்து நிற்பாள். சில நாள் வாழைப்பழம், சில நாள் வெந்நீர். பேச எங்கள் இருவருக்கும் பாஷை இல்லை. என் தலைமயிரில் சிக்கு விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்து, எண்ணெய் தடவி, பொறுமையாகச் சிக்கெடுத்து முடிந்துவிட்டாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

தை மாதம் எழுந்து நடமாடினேன். முதல் வேலையாக வேலி ஓரம் போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் காய்ந்து கிடந்தது. தோண்டினால், எட்டு வைத்தது இருபதுக்கு மேலே பெருகியிருந்தது. டோ மியாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனசு துடித்தது. நல்லதாக ஐந்து கிழங்கைத் தேர்ந்து, மிச்சத்தைத் திரும்பப் புதைத்துவிட்டு, மண்ணைக் கழுவித் துடைத்து, முறத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீனா அப்போது பள்ளிக்கூடத்தில்.

"ஜெத்தூன் லா?" என்று டோ மியா கேட்டாள். வெங்காயமா என்று அர்த்தம்.

வெங்காயம் மாதிரி, ஆனால் வெங்காயம் இல்லை, மண்ணில் வைத்தால் பூக்கும் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று. "ஜெத்தூன், ஜெத்தூன்" என்றேன். பிறகு தரையைக் காட்டி, கையைக் குவித்து, விரல்களை விரித்துக் காட்டினேன். அவள் மகிழ்ச்சியோடு தலையாட்டினாள். என்ன புரிந்துகொண்டாள் என்று பிற்பாடு மீனா மூலமாக அவளே சொன்னாள்: எங்கள் ஊர் வெங்காயம், மண்ணிலிருந்து இப்போதுதான் பிடுங்கியது, இவ்வளவு பெரியது!

4

அது நடந்தது மாசிக் கடைசியில். ஒரு வாரமாகவே பக்கத்துத் தெருக்களில் வாந்திபேதி என்று பேச்சு இருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று தமுக்கடித்துப் போனார்கள். அன்று மீனாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெளியே விளையாடுகிறாள் என்று நினைத்து நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் பிறகு தெருவில் கூச்சல் கேட்டது. வெளியே வந்தால், டோ மியா தன் வாசற்படியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், அவளுடைய லுங்கியைப் பிடித்துக்கொண்டு, என் மீனாவும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். குழந்தையின் வாயிலிருந்து மீன் வாடை அடித்தது. அது வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் பாயில் கிடந்த நாளிலிருந்து அன்று வரை, என் பெண் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டதெல்லாம் அந்த வீட்டில்தான்.

யார் போய்ச் சொன்னார்களோ, சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பின்னால் மூடிய மாட்டுவண்டி. அந்த வண்டியை எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறது அது. அதில் ஏறிப்போய்த் திரும்பி வந்தவர்களை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரையும் ஏத்து" என்றார் இந்துஸ்தானியில். கேட்டால் ஓரளவு புரியும், பேச எனக்கு வராது.

"நானும் வர்றேன்" என்று கையால் காட்டினேன். கூடாது என்று தலையாட்டினார்.

டோ மியா திணறிக்கொண்டே மீனாவைக் காட்டி ஏதோ சொன்னாள். அதில் "ஜெத்தூன்" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அவள் வீட்டு அடுக்களைக்குள் ஓடினேன். பலகையில் பாதி நறுக்கிய கிழங்கு கிடந்தது, பக்கத்தில் அதன் பழுப்புத் தோல். ஆறுமாதக் கன்று ஒன்று இதைத் தின்று நுரை தள்ளியதை நாகப்பட்டினத்தில் பார்த்திருக்கிறேன். கன்று மறுநாளே பிழைத்துக்கொண்டது.

ஒரு நிமிஷம் அந்த அடுக்களையிலேயே நின்றேன். அந்த நிமிஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. விஷக் கிழங்கைக் கொடுத்தவள் நான். வெளியே போய்ச் சொன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா? ஜெயிலா? என் கணவரின் வேலை என்ன ஆகும்? இதெல்லாம் ஓடியது. பிறகு வெளியே மீனா "டோலே! டோலே!" என்று அழுகிற சத்தம் கேட்டது. டோலே என்றால் சித்தி. வண்டியில் டோ மியாவை முதலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிழங்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எனக்காகப் பேசுகிறவள் துவண்டுபோய் என் தோளில் கிடந்தாள். நானேதான் பேச வேண்டும். "ஜெத்தூன் மஹொபூ!" என்று கத்தினேன். வெங்காயம் இல்லை! "பான்! பான்!" பூ, பூ! என் மார்பில் கையால் அடித்துக் காட்டினேன். நான் கொடுத்தேன், நான்!

இன்ஸ்பெக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். "யாராவது பூவைத் தின்பார்களா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

வார்த்தை தீர்ந்துபோயிற்று. கிழங்கை இரண்டாகப் பிளந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பின்வாங்கினார், பிறகு முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிசினாக ஒரு பால் வழிந்ததே தவிர, வெங்காய நெடி இல்லை. கண்ணும் எரியவில்லை. அவரே அடுக்களைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தார். வெளியே வந்து கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினார்.

டாக்டர் வந்து பார்க்கும்வரை இருவரையும் எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்தார், வயிற்றைக் கழுவ உப்புநீர் கொடுக்கச் சொன்னார், இது வாந்திபேதி இல்லை என்றார். அதற்குள் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதி என்னிடம் நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

5

பொழுது சாய்வதற்குள் வாந்தி நின்றது. ஒரே பாயில் டோ மியா ஒரு பக்கம், மீனா ஒரு பக்கம். மீனா கண்ணைத் திறக்காமல் கையை நீட்டித் துழாவினாள். நான் என் கையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுபடி துழாவி, டோ மியாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

டோ மியா என்னைப் பார்த்தாள். தன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நான் தடுத்தேன். "தமீ" என்றேன். மகள் என்று அர்த்தம். இன்னும் சொல்ல நினைத்தேன்: நான் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது இவளுக்குச் சோறு போட்டவள் நீ. என்னிடம் இருந்ததோ அந்த ஒரு சொல்தான். அவளுக்குப் போதுமாயிருந்தது போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாள்.

என் கணவர் வந்து எல்லாம் கேட்டார். கோபிக்கவில்லை. "காகிதத்துல என்ன எழுதியிருந்துது?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சம்மன் வரும் என்று இரண்டு வாரம் பயந்துகொண்டே இருந்தோம். மூன்று தரம் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று சுகாதார இலாகாவுக்கு அலைந்தார். முதல் தரம் வேறு மேஜைக்குப் போகச் சொன்னார்கள், இரண்டாம் தரம் மனு எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாம் தரம் ஒருவர் நோட்டைப் புரட்டிப் படித்துக் காட்டினாராம்: "காரணம்: கெட்டுப்போன வெங்காயம். மேல் நடவடிக்கை தேவையில்லை."

6

எங்கள் பயம் அதோடு தீர்ந்தது. டோ மியாவுக்குத் தீரவில்லை.

அன்று அவள் வாசலிலும் தெருமுனை அடுப்பைச் சுற்றியும் வெள்ளை மருந்துப் பொடி தூவிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் பெருக்கித் தள்ளிய பிறகும் ஜனங்களின் கண்ணில் அந்த வெள்ளை நின்றுவிட்டது. பத்தாம் நாள் எழுந்து அடுப்பு மூட்டினாள். ஒருவரும் நிற்கவில்லை. தெருவின் எதிர்ப்பக்கமாக விலகி நடந்தார்கள். காலையில் பானை நிறையக் கொண்டுபோய், வெயில் ஏறியதும் பானை நிறையத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினாள். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் சிறிய பானையாக எடுத்துப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் வேலி ஓரம் தண்டு கிளம்பியது. எனக்கு அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. கடப்பாறையை எடுத்துக்கொண்டு போய்க் குத்தப் போனேன். டோ மியா தன் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள். மொட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மீனாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்கச் சொன்னாள். "டோலே கேக்குறாங்கம்மா. நீங்க அன்னிக்குக் குடுத்தது இதுதானான்னு."

"இதுதான்னு சொல்லு."

டோ மியா உள்ளே போய், மிச்சமிருந்த மூன்று கிழங்கைக் கூடையோடு எடுத்து வந்தாள். அவற்றைத் தூக்கி எறியாமல்தான் வைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து குழி தோண்டினாள். கழுத்து வெளியே தெரிய வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். சரியாக வைத்தாள்.

அவள் மறுபடி அடுப்புக்குப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் காலையில் குளித்து, கூறைப்புடவை கட்டி, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமும் வைத்துக்கொண்டு, மீனாவைக் கையில் பிடித்துத் தெருமுனைக்குப் போனேன். என் கணவர் அப்போதுதான் ஆபீசுக்குப் போயிருந்தார். வேலைக்குப் போகிற ரயில்வே ஆட்கள் நிறையப் பேர் நடந்துகொண்டிருந்த நேரம். டோ மியாவின் அடுப்புக்கு முன்னால் கிடந்த குட்டை முக்காலியில் உட்கார்ந்தேன்.

டோ மியா அகப்பையோடு நின்றுவிட்டாள். "மஸாபூ" என்றாள். நீ சாப்பிடமாட்டாயே.

"ஸாமெ" என்றேன். சாப்பிடுவேன்.

"மீன் இருக்கு, தெரியுமான்னு கேக்குறாங்கம்மா" என்றாள் மீனா.

"தெரியும்னு சொல்லு."

டோ மியா கிண்ணத்தில் சேவையை வைத்துக் குழம்பை ஊற்றினாள். பிறந்ததிலிருந்து மீன் தொடாத வாய் இது. ருசியாக இருந்தது என்று எழுதினால் பொய். வாழைத்தண்டும் இஞ்சியும் தெரிந்தவரை சமாளித்தேன். பிறகு வாடை தொண்டையில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. தெருவைப் பார்த்தபடி, ஒவ்வொரு வாயாக, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டேன். போனவர்கள் நின்றார்கள்.

"கூட்ஸ் ஆபீசு பிள்ளைவாள் வீட்டு அம்மாதானே அது?" என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர். என்னையும் கிண்ணத்தையும் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார். அவரைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பலமுறை வாய் கொப்பளித்தேன். சாயங்காலம் அவர் வந்தால் என்ன சொல்வது? கூட்ஸ் ஆபீசில் ஒரு மூட்டை தவறினாலே பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது தெரியாமல் இருக்குமா? அவர் வந்தார், கால் கழுவினார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் கதவோரம் நின்றேன்.

"உப்பு சரியா இருந்துதா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "கொஞ்சம் கம்மி" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டுச் சாமி விளக்கை ஏற்றப் போய்விட்டார்.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பினார். கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில், முக்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றார். டோ மியா அவசரமாகத் தன் தோள் துண்டால் ஒரு முக்காலியைத் துடைத்து வைத்தாள். அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கோட்டு கசங்காமல் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். டோ மியா கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்ட, அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.